யாரும் ஜெயிக்காத ஞாயிறு

"வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம டீம் ஜெயிக்காது. தோக்கவும் தோக்காது" என்றார் ஓரின் வாண்டெஹே.

கிரீன் பே ஊரின் மதுக்கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலைக் கடித்துக்கொண்டிருந்த நாற்பது வாய்களும் நின்றுவிட்டன. தட்டிலிருந்த மீன்களே திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி. சமனில் முடியும் ஆட்டம் ஒரு பருவத்துக்கு ஒன்று வந்தாலே பெரிது.

காகித ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள்முதல் அமெரிக்கக் கால்பந்தின் முப்பத்திரண்டு அணிகளுக்கும் மதிப்பெண் போடுகிறவர் ஓரின். உறைந்த விரிகுடாவின் மேல் தன் கையால் கட்டிய மீன்பிடிக் குடிசையில் உட்கார்ந்து, யார் யாரை எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்று கூட்டிக் கழிப்பார். வந்த எண்களையே மறுபடி கணக்கில் போடுவார், அவை அசையாமல் நிற்கும்வரை. அப்போது பனிக்கட்டிக்கு அடியில் முப்பத்திரண்டு மீன்கள் அதனதன் ஆழத்தில் போய் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வாரம் எதிரணிக்கு ஆறு. நம் அணிக்கு நான்கு, சொந்த மைதானத்துக்காக இன்னும் இரண்டு. வித்தியாசம் பூஜ்யம்.

"மாப்ள, அது சராசரி" என்றார் கிளீட்டஸ், ஓரினின் மனைவிக்கு அண்ணன், கணக்கு வாத்தியாராக இருந்தவர். "ரெண்டு பேருக்கும் பாதிப்பாதி வாய்ப்புன்னு அர்த்தம். சமன்னு அர்த்தமில்ல. முப்பது வருசம் இதத்தான் கத்துக்கொடுத்தேன்."

"யாராச்சும் பாஸ் ஆனாங்களா மச்சான்?"

கடை குலுங்கியது. கிளீட்டஸ் சிரிக்கவில்லை. "தப்பாப் போனா உன் குடிசை எனக்கு."

ஓரின் ஒருமுறை விரிகுடாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் கை கொடுத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் குடிசைக்குள் இருவரும் வானொலி கேட்டார்கள். வெளியே பனி இறங்கிக்கொண்டே இருந்தது. வர்ணனையாளரின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. கிளீட்டஸ் ஜன்னலைச் சாண்போட்டு அளந்தார். "பச்சைத் திரை போடலாம்."

இருபதுக்கு இருபது. கூடுதல் நேரமும் கரைந்து, மூன்று நொடி பாக்கி. பந்தை உதைக்க நம் ஆள் வந்து நின்றான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ளே போனால் நம் அணிக்கு வெற்றி, குடிசை போச்சு.

ஓரின் கண்ணை மூடினார். அறுபத்தெட்டு வருடத்தில் தன் அணி ஜெயிக்கக் கூடாது என்று ஒருநாளும் நினைத்தவரில்லை.

"உள்ள போயிடு" என்றார், மெல்ல.

கிளீட்டஸின் கை ஜன்னலிலேயே நின்றது.

பந்து பனிக்குள் ஏறியது. அது இறங்குவதற்குள் தான் ஒரு மீனைப் பிடித்து, வறுத்து, தின்று, சற்றுக் கண்ணயர்ந்தும் விட்டதாக ஓரின் இன்றைக்கும் சொல்வார். இறங்கியது, கம்பத்தில் பட்டது, வந்த வழியே திரும்பியது.

ஆட்டம் சமன் என்றது வானொலி. மீன்பிடிக்கப் பனிக்கட்டியில் வெட்டிய துளையின் கறுத்த நீரில் ஒரு வட்டம் விரிந்து அடங்கியது.

அடுத்த வெள்ளிக்குள் ஓரின் சொன்ன கதையில் அந்த மீன் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. "எல்லாம் புளுகு. குடிசை போகுதுன்னு தெரிஞ்சும் இவரு உள்ள போகணும்னு வேண்டினாராம்" என்றாள் மீன் பரிமாறியவள். எல்லோரும் கிளீட்டஸைப் பார்த்தார்கள்.

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மீன் புளுகு. பூஜ்யம்னா இன்னமும் சராசரிதான்." தட்டைத் தள்ளி வைத்தார். "மத்ததெல்லாம் நடந்துச்சு. பக்கத்துலதான் இருந்தேன்."