கட்டுவிரியன் முன்னால் இருந்த அட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை, ஒரு விளக்கக் கடிதத்தில் நான் எழுதிய பொய்யிலிருந்து பிறந்தது: "சம்பவத்தின்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்."

2

அருங்காட்சியகம் என்பது அறிவின்...

(அடித்துவிட்டேன். பயிற்சிக் கையேட்டின் முதல் வரி இது.)

கள்ளக்குறிச்சி அறிவியல் ஆசிரியர்கள் எங்கள் நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றி, உளுந்தூர்பேட்டையில் பொங்கல் வாங்கிக் கொடுத்து, ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். (எதுவென்று சொல்ல மாட்டேன். இன்னும் வேலையில் இருக்கிறேன்.) பாடத்தோடு அதையும் சேர்த்து நடத்தப் பயிற்சி. "விடைய நீங்க சொல்லாதீங்க. புள்ளைங்களே பார்த்துக் கேக்கணும்" என்றார் பயிற்சியாளர் ஜாபர். நாங்கள் யானை எலும்புக்கூட்டோடு செல்ஃபி எடுத்தோம்.

கல்வராயன் மலைப் பள்ளி தேவிப்ரியா டீச்சர் மட்டும் பாம்பு ஜாடிகள் முன் நின்றார். பக்கத்தில் நான்.

"இன்னா சார் இது? கட்டுவிரியனுக்கு 'விஷமற்றது'ன்னு அட்டை வெச்சிகீறாங்க. பக்கத்து ஜாடிக்கும் இதுக்கும் மாறிப்போச்சு."

"வுடுங்க டீச்சர். கருத்துப் படிவத்துல எழுதிடலாம்."

"போன வருஷம் என் கிளாஸ் பாரதியக் கடிச்சது இதான் சார். வலியே இல்லியாம். சும்மா பாம்புன்னு வூட்லயே வெச்சிக்கினு இருந்தாங்க. விடிஞ்சா மூச்சு இல்ல."

அலமாரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளி, அட்டைகளை மாற்றி வைத்தார்.

3

(இங்கே அவரை வீராங்கனையாக்கி ஒரு பத்தி எழுதினேன். அதில் அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையில் இரண்டு முறை வாசலைப் பார்த்தார். பத்தியைக் கிழித்தாயிற்று.)

காப்பாளர் சடையன் ஓடிவந்தார். "யாரும்மா தொட்டது? இருவது வருஷமா இப்படித்தான் கீது!" அட்டைகளைப் பழையபடி வைத்துப் பூட்டினார். டீச்சரிடம் விளக்கம் கேட்டுக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சாட்சியாக டீச்சர் என் பெயரைச் சொன்னார்; என்னிடமும் விளக்கம் கேட்டார்கள். நான் எழுதியதுதான் உங்களுக்குத் தெரியுமே.

4

போன வாரம் டீச்சர் முப்பது பிள்ளைகளோடு அங்கேயே போனார். என்னையும் கூப்பிட்டார். வெட்கமில்லாமல் போனேன்.

ஜாபர் சொன்னபடி, டீச்சர் பிள்ளைகளைப் பாம்பு ஜாடிகள் முன் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஜெயசுதா என்ற பெண்தான் ஜாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், வெள்ளக் கட்டு வால் பக்கம் தெளிவாகீது. இது கட்டுவிரியன்தான?"

"அவரக் கேளு" என்று டீச்சர் வாசலில் நின்ற காப்பாளரைக் காட்டினார்.

முப்பது முகங்களும் சடையன் பக்கம் திரும்பின.

"சார், இது கடிச்சா சாவாங்களா, மாட்டாங்களா?" என்றாள் ஜெயசுதா.

"அட்டைல எழுதிகீதே..." என்று தொடங்கினார். கை சட்டைப்பையில் சாவியைத் தொட்டது.

5

ஒரு முடிவில் சடையன் பூட்டைத் திறக்கிறார். இன்னொன்றில் எல்லோரையும் விரட்டுகிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்கு வசதியானவை. நடந்தது வேறு. ஜெயசுதா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் சயின்ஸ் சாராமே? நீங்க சொல்லுங்க சார்."

சடையனும் என்னைப் பார்த்தார். டீச்சர் பார்க்கவில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். என் வாக்குமூலத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் காத்திருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.