நிறுத்தத்தில் நிற்காத பாட்டு

பக்கவாதம் வந்து போனதில் என் மாமனாருக்கு வலது கை மரத்துவிட்டது, இடது கை லேசாக நடுங்கியது. பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை. பல வருஷம் பேருந்து ஓட்டியவர். ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுத்துப் பழக்கமில்லை.

அவருக்குப் பாட்டு வேண்டும். அதையும் அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். நான் கொடுத்திருந்த என் பழைய செல்போனோ நடுங்கும் விரலுக்கு மரியாதை தராத ஜாதி. அவர் ஒன்றைத் தொட்டால் அது ஒன்பதைத் திறக்கும். ஒருநாள் பாட்டுக்குப் பதிலாக என் மேனேஜருக்கு அழைப்பு போய்விட்டது. "ஹலோ, யாருங்க?" என்று கேட்ட மேனேஜரை, "பேச்சைக் குறை, பாட்டை ஆரம்பி" என்று மாமனார் அதட்டியிருக்கிறார். மறுநாள் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பாட்டைப் பற்றித் தனியாக எழுதலாம்.

அன்றைக்கே போனை மேசை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டார். "எனக்குப் பாட்டு வேணாம்மா" என்று மகளிடம் சொன்னார்.

"நான் போட்டுத் தர்றேன்ப்பா."

"வேணாம்னு சொன்னேன்."

என் மனைவி சமையலறைக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குப் பாட்டு வேணாம்னு சொல்றவர் நாளைக்கு நடைப்பயிற்சி வேணாம்பார், அப்புறம் எதுவுமே வேணாம்பார். ஏதாவது பண்ணுங்க."

"நான் என்ன பண்றது?"

"பொண்டாட்டியோட இருக்கிறதைவிட மெஷினோட அதிகமா குடும்பம் நடத்துறவர் நீங்கதானே!"

அதில் உண்மை இருந்தது. கூட்டங்களில் பேசுவதை ஒலிப்பதிவில் கேட்டு, எழுத்தில் தட்டச்சு செய்து தருவது என் வேலை. அதற்கென்று ஒரு டிஜிட்டல் ரெக்கார்டர் வைத்திருந்தேன். சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னக் கருவி. அலுவலகத்துக்குப் புதியது வந்ததும் பழையது என்னோடு வீட்டுக்கு வந்து சும்மா கிடந்தது. அதன் பட்டன்கள் எல்லாம் மேடாக, அழுத்தினால் "டிக்" என்று பதில் சொல்பவை. கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். நடுக்கத்துக்கெல்லாம் அசையாது.

'இதை வீட்டு ரேடியோவாக மாற்றாமல் விடுவதில்லை' என்று முடிவு கட்டினேன். இதற்கு முன் நான் அப்படி முடிவு கட்டியது ஒழுகும் குழாய் விஷயத்தில். அந்தக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

மாமனாரின் பாட்டுகளைக் கணினியிலிருந்து அதில் ஏற்றினேன். அதன் வாயிலிருந்து வரும் குரல் கொசுவோடு போட்டி போடுமென்பதால், பழைய ஸ்பீக்கரோடு வயர் கொடுத்தேன். பாட்டைத் தொடங்கும் பட்டன்மேல் ஒரு சட்டைப் பொத்தானைப் பசை போட்டு ஒட்டினேன், பெருவிரலுக்கு அடையாளம் தெரிய. தவறிப்போய் எதையும் பதிவு செய்துவிடாதபடி சிவப்பு பட்டனுக்கு அட்டையில் ஒரு மூடி. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. என் கைவேலை எப்போதும் அப்படித்தான்.

மாமனார் சந்தேகத்தோடு அழுத்தினார். ஒரு கனத்த குரல், உணவுக்கூடத்து நாற்காலிகளின் கால்களைப் பற்றிப் பேசத் தொடங்கியது. நான் அழிக்க மறந்த பழைய கூட்டம்.

"யாரு பாடுறது?"

"எங்க மேனேஜர், மாமா."

"சுருதியே சேரலையே."

அசடு வழிந்தபடி கூட்டத்தை அழித்தேன். மறுபடி அழுத்தினார். இப்போது பாட்டு வந்தது. அவர் முகத்தில் வெளிச்சமும் வந்தது. பல்லவி முடிந்ததும் அந்த வெளிச்சம் போய்விட்டது.

"மாப்பிள்ளை, இந்த வண்டி எந்த ஸ்டாப்புலயும் நிக்க மாட்டேங்குதே?"

"எந்த வண்டி, மாமா?"

"பல்லவி முடிஞ்சா ஒரு நிறுத்தம் இருக்கு. சத்தமே இருக்காது. அப்புறம்தான் புல்லாங்குழல் ஏறும். இங்க பாருங்க, ஓடுற வண்டியில தொத்திக்கிட்டு ஏறுது."

நான் கேட்டேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன்.

"பரவாயில்ல, விடுங்க" என்று அவரே நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் "பரவாயில்ல" என்பதைவிட மோசமான வசவு கிடையாது. அந்த வார்த்தை விழுந்த பொருள் அடுத்துப் போய்ச் சேருமிடம் இழுப்பறை. மனைவி என்னைப் பார்த்தாள். குழாயைப் பார்க்கும் அதே பார்வை.

விடுவதில்லை. பாட்டை மறுபடி ஏற்றினேன். வயரை மாற்றினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். கடைசியாக அதே பாட்டைக் கணினியில் போட்டுக் கேட்டேன். பல்லவிக்குப் பின் அந்த நிறுத்தம் அம்சமாக நின்றது. ஆக, குறை ரெக்கார்டரில்தான். அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் குற்றவாளி அகப்பட்டான்: நான்தான்.

சத்தமில்லாத இடங்களைத் தாண்டிக்கொண்டு ஓடு என்று அந்தக் கருவிக்குச் சொல்லிவைத்தவன் நான். அது புதிதாக வந்த நாளில் செய்த ஏற்பாடு. மேனேஜர் தாடையைச் சொறிந்து யோசிக்கும் நேரத்தை எல்லாம் உட்கார்ந்து கேட்டால் என் வேலை என்றைக்கு முடியும்? அப்படித் தாண்டித் தாண்டியே கேட்டு, இடைவெளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே என் காதுக்கு மறந்துபோயிருந்தது. "நான் பேசி முடிக்கிறதுக்குள்ள ஏன் பதில் சொல்றீங்க?" என்று மனைவி கேட்பதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளிடம் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் ஒரே நாளில் செலவழிக்கக் கூடாது.

அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டுக் கருவியை மாமனாரின் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, மாமா."

"நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க" என்றாள் மனைவி என்னிடம்.

அவருடைய இடது பெருவிரல் சட்டைப் பொத்தானைத் தேடியது. வழுக்கியது. மறுபடி தேடியது. மறுபடி வழுக்கியது. நான் பாதி எழுந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது, உட்கார்ந்தேன். மாமனார் பல்லைக் கடித்து, மேட்டில் வண்டி ஏற்றுபவர்போல உடம்பையே முன்னுக்குச் சாய்த்து அழுத்தினார்.

டிக்.

பாட்டு வந்தது. பல்லவி முடிந்தது. சத்தம் நின்றது.

என் தொழில் புத்தி துடித்தது. கை தானாகக் கருவியை நோக்கி நீண்டது.

"இருங்க மாப்பிள்ளை" என்று தடுத்தார், கண்ணைத் திறக்காமலே. "ஆள் ஏறுது."

காத்திருந்தோம். புல்லாங்குழல், அவசரமே இல்லாமல், ஏறி வந்தது.

"ரைட், போலாம்" என்றார் மாமனார்.