கீழே விழுந்த துண்டு

பதினோரு வருடம் பன்றியின் தோள்கறியை எலும்பு நீக்கி அறுத்த கை, காபிக் கோப்பையைத் தூக்கவே மறுத்தது. ஒதிலியா அதைத் திட்டுவாள், வெந்நீரில் போடுவாள், பிறகு கையுறை மாட்டிக்கொண்டு நெப்ராஸ்காவின் பனியில் ஆலைக்குக் கிளம்புவாள். இன்னொரு குளிர்காலம் கத்தி பிடித்தால் அந்தக் கை அப்புறம் எதையும் பிடிக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆலையில் தரம் பார்க்கும் வேலை ஒன்று காலியானது. அதற்குக் கத்தி வேண்டாம், பேனா போதும். ஆனால் பார்த்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒதிலியாவோ குவாத்தமாலா மலையிலிருந்து வந்தவள். ஆங்கிலம் என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"ஒட்டினா பிச்சு எடுப்போம்" என்றாள் ஃபிதெலினா. ஒதிலியாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள். அந்த உரிமையில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைப்பார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் ஆறு பெண்கள் கூடுவார்கள். வாத்தியார் கிடையாது. அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று, ரப்பர் கையுறை ஒன்று, சட்டம் ஒன்று: செய்து காட்டாத வாக்கியத்தை யாரும் எழுதக்கூடாது.

அந்தக் கையுறை படாத பாடு பட்டது. வாளிக்குள் விழும், பெஞ்சின் மேல் ஏறும், கதவருகே கிடக்கும். ஸ்பானிஷில் இந்த மூன்று இடத்துக்கும் ஒரே சின்னச் சொல் போதும். ஆங்கிலக்காரனுக்குத்தான் இன், ஆன், அட் என்று மூன்று வேண்டியிருக்கிறது, வசதியான வீட்டுக்காரன்.

வினைச்சொல்லின் காலத்துக்கு, ஆலையில் கறியைச் சுமந்து ஓடும் பெல்ட்டையே உதாரணமாக வைத்துக்கொண்டார்கள். தாண்டிப் போன கறி இறந்தகாலம், கத்திக்கு அடியில் இருப்பது நிகழ்காலம், வந்துகொண்டிருப்பது எதிர்காலம். ஒதிலியாவுக்கு எல்லாமே கத்திக்கு அடியில்தான்.

"என் புருஷன் ஓடிப்போறான்" என்றாள் ஒருநாள் ஆங்கிலத்தில்.

"ஆறு வருஷமா ஓடிக்கிட்டே இருக்கானா?" என்றாள் ஃபிதெலினா. "நல்ல தம் கட்டின ஆளுதான்!"

அறையே சிரித்தது. ஒதிலியாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கையுறையைக் கதவுக்கு வெளியே வீசியெறிந்து, வாக்கியத்தை இறந்தகாலத்தில் சரியாகச் சொன்னாள். அன்றிலிருந்து புருஷனும் போனவன் போனவனாகவே இருந்தான்.

அந்த வேலைக்கான பரீட்சைக்கு முந்தின நாள் ஃபிதெலினா நாலு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். தரை காய்ந்திருக்கிறது, மேசை சுத்தமாக இருக்கிறது, இந்த மாதிரி. "எல்லாம் நிகழ்காலம், வம்பு பிடிச்ச சின்னச் சொல் ஒண்ணுகூட இல்ல. கண்ணை மூடிக்கிட்டு இதையே எழுது, கொமாத்ரே. வேலை உனக்குத்தான்."

புதன்கிழமை காலை மேற்பார்வையாளர் டுவேன் அவளை ஆலைக்குள் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனான். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, தரப்பிரிவுத் தலைவி ஹால்வர்சன் அம்மாளின் அறையில் உட்கார்ந்து எழுதவேண்டும். ஒன்பது நாற்பதுக்கு ஒரு தோள்கறி பெல்ட்டிலிருந்து சரிந்து சாக்கடை மூடியருகே தரையில் விழுந்தது. கறி விழுந்தால் பெல்ட்டை நிறுத்தவேண்டும். நின்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் டுவேன் மேலிடத்தில் பதில் சொல்லவேண்டும். அவன் இரண்டு பக்கமும் பார்த்தான், குனிந்து எடுத்தான், மறுபடி பெல்ட்டில் வைத்தான். ஒதிலியாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

காகிதத்தின் முன் உட்கார்ந்ததும் நாலு வாக்கியமும் மடமடவென்று வந்தன. தரை காய்ந்திருக்கிறது. மேசை சுத்தமாக இருக்கிறது. பேனாவை மூடினால் கை பிழைத்தது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன், இதே மாதிரி ஒரு துண்டு தன் கையிலிருந்து நழுவியதற்கு, இதே டுவேன் தன்னை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கறி இன்று எவள் வீட்டுச் சட்டியில் வேகுமோ என்றும் வயிறு எரிந்தது. போனால் போகட்டும் என்று நாலு வாக்கியத்தையும் அடித்தாள்.

கூடவே கொண்டுவந்திருந்த அந்தப் பாடக் கையுறையை மடியில் இடது கையால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே எழுதினாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். காகிதம் கோழி கிளறிய குப்பைமேடாகிவிட்டது.

ஹால்வர்சன் அம்மாள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, கதவருகே நின்றவனைப் பார்த்தாள். "டுவேன், கறி கீழ விழுந்துச்சா?"

"ஐயோ மேடம், விழப்போச்சு, நான் பிடிச்சேன்" என்றான் டுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் ஒதிலியா கண்டாள். "பாவம், அதைக் குழப்பிட்டா. நேத்து நடந்ததா, நாளைக்கு நடக்கப்போறதான்னே இவங்களுக்குத் தெரியாது."

ஒதிலியாவின் காது மடல் சுட்டது. எழுந்து நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பதைத் தொட்டுக் காட்டினாள். கையுறையை மேசை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டாள்.

"விழுந்தது" என்றாள் ஆங்கிலத்தில். குனிந்தாள். "அவர் எடுத்தார்." தரையில் கிடந்த கையுறையை ஹால்வர்சன் அம்மாளின் சுத்தமான மேசை மேல் வைத்தாள். "திரும்ப வைத்தார்."

ஹால்வர்சன் அம்மாள் டுவேனைப் பார்க்காமலேயே தொலைபேசியை எடுத்து இரண்டு வார்த்தை சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இரைச்சல் நின்றது. கைகள் வீங்கியபோதும், ஒருத்தி மயங்கி விழுந்தபோதும் நிற்காத பெல்ட். இத்தனை அமைதியை ஒதிலியா அங்கே கேட்டதே இல்லை.

"ஒரு தப்பு இருக்கு" என்று ஹால்வர்சன் அம்மாள் காகிதத்தைத் திருப்பினாள். "கறி தரைக்கு உள்ள விழுந்ததா எழுதியிருக்கீங்க."

ஒதிலியா பேனாவை வாங்கித் திருத்தினாள். கை வலித்தது, எழுத்து கோணவில்லை.

"திங்கட்கிழமை ஆறு மணிக்கு வாங்க. கத்தி வேண்டாம்."

வெளியே பெண்கள் கத்தியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றார்கள். "என்னடி ஆச்சு? பெல்ட்டை நிறுத்தினது யாரு?" என்று ஃபிதெலினா கத்தினாள்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள் ஒதிலியா, ஆங்கிலத்தில்.