நாலு மணிச் சீட்டு

விடுதி அறைக் கதவை முழுதாகத் திறக்காமல், இடைவெளியைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டு நின்றாள் அவள். வெளியே தம்பி. ஆறரைக்கே குளித்துத் தலை சீவி, தானே தைத்த அரைக்கால் சட்டையில் தயாராக நின்றான். ஊரார் பேண்ட்டுக்கெல்லாம் ஜிப் மாற்றிக் கொடுக்கும் தையல்காரன் தனக்கென்று தைத்த முதல் துணி அது. பக்கத்துக்கொரு பை, பின்னால் ஒன்று. கடலில் இறங்குகிறவனுக்கு எதற்கடா மூன்று பை என்று நேற்றுதான் அம்மா கேலி செய்திருந்தாள்.

"அம்மா எழுந்தாச்சா?"

"தூங்கறாங்க. எழுப்பாத. வா, போலாம்."

அம்மா தூங்கவில்லை. ஆறு மணிக்கு எழுப்பப் போனபோதே கை விறைத்துக் கிடந்தது. மருந்துக்கடையில் இருபது வருஷம் வேலை பார்த்த இவளுக்கு அதற்குமேல் யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதுதான் அடுத்த அறையில் தம்பி சீட்டியடிப்பது கேட்டது. அவன் சீட்டியடித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்ப் பதினொரு வருஷம். தையல் மெஷினை அம்மாவின் கட்டிலோரமே இழுத்துப் போட்டுக்கொண்டவன், ஒரு முழு நாள் வெளியே இருந்தது கிடையாது. இவளோ கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை பழப்பையோடு வந்து போவாள். நல்ல பெயர் இவளுக்கு, கழுவுவதும் துடைப்பதும் அவனுக்கு. அந்தக் குறுகுறுப்பில்தான் இந்தக் கடற்கரை நகரத்துக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாள். பார்ப்பதற்கு நாலு கடற்கரை, கையில் ஒரே ஒரு முழு நாள், மறுநாள் காலையில் ரயில். இப்போது வாயைத் திறந்தால் அந்த ஒரு நாளும் போச்சு. இனி அம்மாவுக்கு என்ன அவசரம், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஏசியைப் பதினாறில் வைத்தாள். தொந்தரவு செய்யாதீர் என்ற அட்டையைக் கதவில் மாட்டினாள். இந்த மாடியில் அறை துடைக்கிற பெண்மணி மணிக்கொரு தரம் அம்மாவை எட்டிப் பார்த்துக்கொள்வார், பேசி வைத்திருக்கிறேன் என்று தம்பியிடம் கூசாமல் சொன்னாள்.

முதல் கடற்கரையில் தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்றான். ஓர் அலை வந்து அவனைக் குப்புறத் தள்ளியது. எழுந்தபோது மூன்று பையிலும் மணல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், முப்பத்தெட்டு வயதுக்காரன். பார்த்தாயா, இதற்காகத்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்ததுதான் கொடுமை.

இரண்டாவது கடற்கரையில் எங்கோ மணி அடித்தது. உட்கார்ந்திருந்தவன் விருட்டென்று எழுந்து நாலடி நடந்துவிட்டான். பார்த்தால் ஐஸ்கிரீம் வண்டி. வீட்டில் அம்மா அவனைக் கூப்பிடுவது ஒரு சின்ன மணியை அடித்துத்தான்.

"லீவு விட்டாலும் இந்தக் கால் கேக்க மாட்டேங்குது பாரு" என்று அசடு வழிந்தான். அப்புறம் அறைக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமா என்றான். தூங்குகிறவளை எதற்கு எழுப்புவது என்று தடுத்தாள். மாத்திரை என்றான். விடியற்காலையிலேயே கொடுத்தாயிற்று என்றாள். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்; அவன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினான், சொல்லவில்லை. அடுத்த கடற்கரையில் சொல்லலாம். அவன் நனைந்த தலையைத் துவட்டட்டும், சொல்லலாம். அத்தனை பெரிய கடல், கண் கூசும் வெயில், எந்தப் பக்கம் திரும்பினாலும் வெட்டவெளி. அவளுக்கு மட்டும் மூச்சுவிட இடமில்லை. பெட்டிக்குள் தானே போய் உட்கார்ந்து மூடியையும் இழுத்து மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

மூன்றாவது கடற்கரைக்கு வந்தபோது மணி மூன்றரை. உயிர்காப்பாளர் கொட்டகைப் பக்கம் போயிருந்த தம்பி, கையில் ஒரு சீட்டோடு ஓடி வந்தான். அங்கே ஒரு சக்கர நாற்காலி இருக்கிறதாம். பலூன் மாதிரி குண்டுக் குண்டுச் சக்கரமாம், மணலில் புதையாதாம், அலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாமாம்.

"நாலு மணிக்கு அம்மா பேரக் குடுத்துட்டேன். வண்டி புடிச்சா பத்தே நிமிஷம், கூட்டிட்டு வந்துடலாம். அந்தக் கால்ல கடல் தண்ணி படட்டும்க்கா. பதினோரு வருஷமா வாளித் தண்ணிதானே பாத்திருக்கு."

சீட்டைப் பின்பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தான். அவள் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவில்லை.

"போக வேணாம்டா."

"ஏன்?"

"அம்மா இல்லடா."

அவன் அவளையே பார்த்தான். "எப்போ?"

"காலைல. நீ கதவு தட்டறதுக்கு முன்னாடியே."

அடித்திருந்தால்கூடத் தேவலை. அவன் மெல்ல மணலில் உட்கார்ந்தான். உனக்கு ஒரு நாளாவது என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தைகள் கத்திக்கொண்டு தண்ணீருக்கு ஓடினார்கள்.

"அலை தள்ளினப்போ நான் சிரிச்சேன்லக்கா."

அவள் மணலில் கிடந்த அவன் துண்டை எடுத்து மடித்தாள்.

"ஏசி ஓடுதா?"

"பதினாறுல."

"அம்மாவுக்குக் குளிர் ஆகாதே" என்றான்.

உயிர்காப்பாளர் அந்த மஞ்சள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். முன்னால் எடுத்தவர்கள் சீக்கிரமே விட்டுவிட்டார்கள், நீங்கள் இப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, உட்காரப் போகிறவர் எங்கே என்று கேட்டார்.

தம்பி எழுந்தான். குனிந்து, மடங்கியிருந்த கால்பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டான். பிரேக் பிடிக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். அப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இறக்கிய பலகைகளைத் திரும்ப மடக்கி வைத்தான். பின்பையில் கைவிட்டு, சீட்டை எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தான். சீட்டோடு சேர்ந்து காலையில் புகுந்த மணலும் கொட்டியது.