பொடியனின் கூட்டாளிகள்

"இவ்வளவு நாற்காலி எதுக்குப்பா? பாதியைத் திருப்பி எடுத்துட்டுப் போ" என்று அண்ணன் வாசலில் வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் தங்கை, சவப்பெட்டிக்குள் கிடந்த கணவரின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

அண்ணன் உள்ளே வந்தார். "காலேஜ்லேர்ந்து யாரும் வரப்போறதில்ல. ரிட்டையரான பஸ் டிரைவர் சின்னப் பசங்களோட படிக்கப் போய் உக்காந்தா, யாரு சேத்துக்குவா? அப்பவே சொன்னேன், கேட்டாரா?"

அவளும் அப்படித்தான் நினைத்தாள். நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனிதர் போய்விட்டார் என்பதைவிட, கடைசி வருஷத்தைத் தன்னந்தனியாகக் கழித்துவிட்டுப் போனாரே என்பதுதான் அவளை அதிகம் வருத்தியது.

மனிதர் கதை அளப்பதில் கெட்டிக்காரர். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். வகுப்பில் எல்லாருக்கும் பட்டப்பெயர்தானாம்: வேறு நாட்டிலிருந்து படிக்க வந்திருக்கும் ஒட்டடைக்குச்சி, மூன்று கார் வைத்திருக்கும் வீட்டுப் பெண் ராணியம்மா, வாயே திறக்காத மீன்காரர் மகன் ரேடியோ. "என்னை மட்டும் எல்லாரும் மரியாதையா ஐயான்னுதான் கூப்பிடுவாங்க" என்பார். அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப்போன கண்ணாடியைக் கொண்டுபோனபோது, கல்லூரிப் பின்சுவரோரம் மரத்தடியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, தொலைந்துபோன பிள்ளை மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகும் கதைகளை "ம், அப்புறம்?" என்று கேட்டாள். கற்பனையிலாவது அந்த மனிதருக்கு நாலு கூட்டாளிகள் இருந்துவிட்டுப் போகட்டுமே.

வாசலில் கார் ஒன்று நின்றது. விலையுயர்ந்த செருப்போடு ஒரு பெண் இறங்கினாள். பின்னால் தலையைக் குனிந்து, உடம்பை மடக்கி, ஒரு நெட்டைப் பையன். அப்புறம் உதட்டை இறுக்கிக்கொண்டு இன்னொருவன். தெருமுனையில் பேருந்திலிருந்து ஒரு வகுப்பே இறங்கி வந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்துவிட்டாள். "நீ ஒட்டடைக்குச்சிதானே?"

"ஆமா. நான் அதுதான்" என்றான் நெட்டையன், தட்டுத்தடுமாறி. பெட்டியைப் பார்த்ததும் முகம் உடைந்தது. "டேய் பொடியா..."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "யாரைப் பொடியன்கிற? அவரு வயசென்ன, உன் வயசென்ன?"

"வகுப்புல கடைசியா சேந்தவரு அவருதான் அங்கிள்" என்றாள் ராணியம்மா, கண்ணைத் துடைத்தபடி. "அதனால அவருதான் பொடியன்."

ஐயாவாம், ஐயா! அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒருநாள் மரத்தடியில தனியா உக்காந்திருந்தாரே. நான் பாத்தேன்."

மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். கடைசியில் வாயைத் திறந்தது ரேடியோதான்.

"அன்னைக்கு நாங்க கிளாஸ் கட் அடிச்சிட்டுச் சுவர் ஏறி சினிமாவுக்குப் போனோம்மா. பொடியன்தான் காவல். நரைச்ச தலையைப் பாத்தா யாரோட அப்பாவோன்னு விட்டுடுவாங்கல்ல? அவரையும் ஏத்தத்தான் பாத்தோம். மூணு பேரு தள்ளியும் முடியல."

"அப்புறம்?"

"அடுத்த வாட்டி ஏணி கொண்டுவந்தோம்."

அவள் சிரித்துவிட்டாள். சாவு வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. சுவர் ஏறிக் குதித்திருக்கிறார், அடப்பாவி மனுஷா! ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும் போல் பெருமை பொங்கியது.

பெட்டியை வண்டியில் ஏற்றியதும் ஓட்டுநர், "குடும்பத்து ஆளுங்க மட்டும் ஏறுங்க" என்றார். அண்ணன் படியில் காலை வைத்தார்.

"இருங்கண்ணே. அவங்க ஏறட்டும்" என்றாள் அவள்.

பிள்ளைகள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். பெட்டியை ஒட்டிய இடத்துக்கு உள்ளே கிசுகிசுப்பாக ஒரு சண்டை நடந்தது.

"தள்ளு. பொடியன் பக்கத்து சீட் எப்பவும் என்னோடது" என்றான் ஒட்டடைக்குச்சி.

பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த அவள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். கதவைச் சாத்த முடியவில்லை. யாரோ யார் மடியிலோ உட்கார்ந்த பிறகுதான் சாத்த முடிந்தது. அண்ணன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, வண்டிக்குப் பின்னால் போனார்.