உப்புப் போட்ட மெஷின்கள்

ஆம்பூரில் சமீருல்லா விற்கும் கைக்கடிகாரங்கள் மழை தூறினால் வேகமாக ஓடும். ஆட்டுத்தோல் உப்புப் பட்டதால்தான் அப்படி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

சமீருல்லா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று கால் வெந்தவரின் மகன். அவனும் அதே தொட்டியில் நின்றவன்தான். பிறகு வார் வெட்டக் கற்றுக்கொண்டு, யார் யாரோ பேர் போட்டு விற்கிற வாட்சுக்கெல்லாம் வார் தைத்துக் கொடுத்தான். பேட்டரி இல்லாமல் சாவி கொடுத்து ஓடுகிற வாட்ச், அதன் முகத்தில் 'பாலாறு' என்று தான் வைத்த பேர். அவன் ஆசைப்பட்டது இவ்வளவுதான். மனைவி இரம் சரியென்றாள். அவள் அண்ணன் மஹபூப் பாஷா சிரித்தான். "அந்த ஆறே ஓடல மாப்ள, உன் வாட்ச் எங்க ஓடும்? பக்ரீத் வரைக்கும் பாரு. அப்புறம் பேசாம நம்ம யூனிட்ல வந்து வார் வெட்டு."

கூடு கிடைத்தது, முகப்பு கிடைத்தது. உள்ளே ஓட மெஷின்தான் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் எடுத்தால் பேசலாம் என்றன, சில பதிலே போடவில்லை. ஒரு தரகர் பழைய மெஷினைக் கழுவிப் புதுசென்று அனுப்பினார். கடைசியில் எங்கோ ஒரு சின்னக் கம்பெனி இரங்கியது. எண்ணெய் விடாமல், நேரம் சரிசெய்து வைக்காமல் வெறுமனே பூட்டிய மெஷினாகத் தருகிறோம், மீதியை நீயே பார்த்துக்கொள் என்றது. பெட்டி வந்தபோது அதன்மேல் பக்குவம் பண்ணாதது என்ற பொருளில் 'ரா' என்று பெரிதாக இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

ஆம்பூரில் 'ரா' என்றால் பச்சைத்தோல், வேறு அர்த்தம் கிடையாது. சமீருல்லா வாடகைக்கு மூலை பிடித்திருந்ததும் ஒரு தோல் மண்டியில். அவன் வாணியம்பாடிக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியை இறக்கிய மண்டி ஆள் கோதண்டபாணி, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஆட்டுத்தோலில் தட்டி எடுத்த உப்பை அள்ளித் தூவி, சாக்குப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"இன்னாண்ணே பண்ணி வெச்சிருக்க?" மறுநாள் இரமோடு வந்து பார்த்த சமீருல்லா கேட்டான்.

"ரான்னு போட்டிருந்துச்சு பாய். உப்பு போடாம வுட்டா நாறிடும்ல?"

இரும்புக்கு உப்பு என்ன செய்யும் என்று கோதண்டபாணிக்கு அப்போதுதான் உறைத்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சமீருல்லா பக்கத்தில் சிதறிக் கிடந்த உப்பின்மேலேயே உட்கார்ந்தான். இரம்தான் சாக்கைத் தூக்கினாள். துரு இல்லை. சாவி கொடுக்காமலே அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள், வெதுவெதுவென்று இருந்தது. "மூச்சு வுடுதுங்க" என்றாள்.

நேரம் சரிசெய்யத் திருப்புளி உதவவில்லை. அகத்திக்கீரையைப் பக்கத்தில் வைத்தால் ஒழுங்காக ஓடின. கட்டியவன் கையின் சூட்டுக்கு ஓடின, கழற்றித் தனியே வைத்தால் முள் சுணங்கியது. தூறல் விழுந்ததும் முள் முந்திக்கொண்டு ஓட, அதைப் பார்த்துக் கிளம்பியவர்கள் நனையாமல் வீடு சேர்ந்தார்கள். வேலூர், சென்னை, பெங்களூர் என்று மெஷின் பாதிக்குமேல் விற்றுப்போனது.

பக்ரீத் அன்று காலை எல்லாம் நின்றன. தொழுகை முடிந்து வந்த சமீருல்லாவின் போன் ஓயாமல் அடித்தது. பாலாறு முடிந்தது, நாளைக்கு மச்சான் யூனிட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எடுக்கவே பயந்து உட்கார்ந்திருந்தான். குர்பானி ஆட்டுக் கறிப் பங்கு கொண்டுவந்த மஹபூப் பாஷா, மேஜைமேல் நின்றுபோயிருந்த வாட்சைக் கையில் எடுத்தான். உள்ளே லேசாக நடுங்கியது. கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்திருந்துவிட்டுப் போனை அவனே எடுத்தான்.

"ரிப்பேர் இல்ல சார். பயந்துகினு இருக்குது, நாளைக்கு ஓடும். நம்ம பாலாத்துல தண்ணி வருசத்துல ஒருநாள்தான் ஓடும் சார், இந்த வாட்ச் வருசத்துல ஒருநாள்தான் நிக்கும்."

மறுநாள் ஓடின. ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. மச்சானின் யூனிட்டில் அந்த வார் வெட்டும் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது 'ரா' பெட்டி வந்தால் கோதண்டபாணிதான் பிரிக்கிறார். வாட்ச் வாங்குகிறவர்களிடம் சமீருல்லா ஒன்று மட்டும் சொல்லி அனுப்புகிறான்: பக்ரீத் அன்று கழற்றி, சத்தம் கேட்காத உள்ளறையில் வையுங்கள். அவர்களும் வைக்கிறார்கள்.