ஜானகியின் பெண் குழந்தை

கேத்தரின் மேடத்தின் சிவப்புப் பேனா என்றால் ஓசூர் ரோட்டிலிருந்த அந்த நர்சிங் கல்லூரியே கொஞ்சம் நடுங்கும். 2003 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை. பொம்மனஹள்ளிக்குக் களப்பணிக்குப் போய் வந்த இரண்டாம் வருஷப் பெண்கள் எழுதிக் கொடுத்த குடும்பக் கோப்புகள் மேஜைமேல் அடுக்கியிருந்தன. நாற்பத்தெட்டையும் முடித்துவிட்டுத்தான் காபி என்று சபதம். வழக்கமான கூத்துகள்தான். ஒருத்தி எழுபது வயசுக் கிழவருக்குப் போலியோ சொட்டு மருந்து சிபாரிசு செய்திருந்தாள். இன்னொருத்தி, வீட்டில் கழிப்பறை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்திலேயே கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்று சான்றிதழும் கொடுத்திருந்தாள். "அடக் கடவுளே" என்று முனகியபடி சுழித்துக்கொண்டு போன பேனா, முப்பத்தோராவது கோப்பின் கடைசிப் பக்கத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

அந்தக் கடைசிப் பக்கம் கேத்தரினின் சொந்தச் சரக்கு. எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியில் உங்களுக்கு யாராவது செய்திருக்க வேண்டியது, ஆனால் செய்யாமல் விட்டது எது? பதிலைச் சொன்னவர் எந்த பாஷையில் சொன்னாரோ அதே பாஷையில், அவர் வாயிலிருந்து வந்தபடியே, ஒரு சொல் திருத்தாமல் எழுத வேண்டும். எழுதத் தெரியாத பாஷை என்றால் தெரிந்த தோழியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆரம்பத்தில் சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கேள்வி என்னென்னவோ வெளியே கொண்டுவந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் தாலியைக் கழற்றச் சொன்னதால் எழுந்து வீட்டுக்கே போய்விட்ட பெண்கள். நோன்பு இருக்கிறேன் என்று சொல்லப் பயந்து மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்த பாய்மார்கள். தாலியைக் கழற்றாமல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம், மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று கேத்தரின் ஒவ்வொன்றாக எழுதி எழுதி, வார்டு சிஸ்டராக இருந்தவள் டாக்டர் கேத்தரின் ஆனாள். டெல்லியிலும் வேலூரிலும் மேடையேறினாள். 'நோயாளியின் பண்பாடு தெரியாத நர்ஸ் பாதி நர்ஸ்' என்பது அவள் வகுப்புப் பல்லவி. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அதை அவள் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள்.

முப்பத்தோராவது கோப்பு தர்ஷினி என்ற மாணவி எழுதியது. ஓசூர்ப் பெண், தமிழ் தடையில்லாமல் எழுதுவாள். வீட்டுக்காரியின் பெயர் ஜானகி, வயது முப்பத்து மூன்று, கார்மெண்ட்ஸில் தையல். கணவர் உத்தமன், கம்பி கட்டும் வேலை. இரண்டு குழந்தைகள். கடைசிக் கேள்விக்கு ஜானகி சொன்னது அப்படியே இருந்தது:

"மொதப் புள்ள பொட்டப் புள்ள. செத்துப் பொறந்துச்சு. காவேரி கலாட்டா நடந்த வருசம். வாயில ஒரு சொட்டு பால் வெச்சிட்டு அனுப்பலாம், ஒரு தடவ காட்டுங்கன்னு கேட்டேன், காட்டல. அந்த நர்சம்மா மேல தப்பு இல்ல. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சிருந்தா காட்டியிருப்பாங்க. நான் கேக்கக் கேக்க அவங்க கண்ணுல தண்ணி வந்துச்சு. புரியாமலே எனக்காக அழுத புண்ணியவதி. மொகம் எப்பிடி இருந்துச்சுன்னு மட்டும் யாராச்சும் சொல்லியிருந்தா போதும்."

ஓரத்தில் தர்ஷினி ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தாள்: 'மேடம், மொழித் தடைக்கு அருமையான உதாரணம்!'

கேத்தரின் பேனாவுக்கு மூடியைப் போட்டாள். மறுபடி கழற்றினாள். மறுபடி போட்டாள்.

1991 டிசம்பரில் காவேரித் தண்ணீர்ச் சண்டையில் தமிழர்கள்மேல் ஊர் கொதித்துக் கிடந்த அந்த வாரத்தை அவள் எங்கே மறந்தாள், மறப்பதற்கு! சிவாஜிநகரில் அண்ணன் கிளாரன்ஸின் தையல் கடைப் பலகையில் தமிழ் எழுத்து இருந்ததென்று ஷட்டரை நெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். கேத்தரினுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. பெயரைப் பார்த்தும் அவள் தமிழச்சி என்று யாருக்கும் தெரியாது. "ஊர் அடங்குற வரைக்கும் ஒருத்தரும் வார்டுல தமிழ்ல வாயத் தொறக்கக் கூடாது" என்று நர்சிங் சூப்பிரண்டு அம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டார். நல்லதுக்குத்தான் சொன்னார்.

பதினொன்றாம் கட்டிலில் ஜானகி. ஹெப்பகோடியில் கட்டட வேலைக்கு வந்த ஜோடி. மனைவியைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குத் துணி எடுக்கப் போன புருஷன், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டான். விடியலில் பிறந்த குழந்தைக்கு மூச்சில்லை. செத்துப் பிறந்ததைத் தாய்க்குக் காட்டக் கூடாது, பார்த்தால் மனசு பேதலிக்கும் என்பது அந்த வார்டில் யார் எப்போது போட்டதென்று தெரியாத சட்டம். குழந்தையைத் துடைத்து, பச்சைத் துணியில் சுற்றி, 'ஜானகியின் பெண் குழந்தை' என்று சீட்டெழுதிக் காலில் கட்டி அனுப்பியது கேத்தரின்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினாள்.

பத்து மணிக்கு ஜானகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், ஒரே ஒரு தடவ. பால் வெக்காம அனுப்பக் கூடாது சிஸ்டர், வெறும் வாயோட போவக் கூடாது." அந்த நேரம் பார்த்தா வாசலில் இரண்டு பேர் வந்து நிற்க வேண்டும்! வேறு யாரையோ பார்க்க வந்தவர்கள். உள்ளே எட்டிப் பார்த்து, இங்கே தமிழர்கள் யார் யார் என்று கன்னடத்தில் கேட்டார்கள். கேத்தரின் கையை உருவிக்கொண்டு, அவர்கள் காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னாள். "நனகெ தமிழு பரல்லம்மா." எனக்குத் தமிழ் வராதும்மா. ஜானகி திகைத்துப் போய், கையால் குழந்தையை ஏந்துவதுபோலக் காட்டிக் காட்டிக் கேட்டாள். கேத்தரின் தலையை ஆட்டினாள். புரியவில்லை, புரியவில்லை.

பயம் ஐந்து நிமிஷம்கூட இல்லை. அந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள், திரும்பி வரவேயில்லை. அப்போதாவது குனிந்து காதோடு காதாக "இரும்மா, கொண்டாரேன்" என்று சொல்லியிருக்கலாம். மதியம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம், குழந்தை அப்போதும் கீழே சவக்கிடங்கில்தான் இருந்தது. சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே! சிஸ்டர் பொய் சொன்னாள் என்று நோயாளி நினைத்துவிடுவாளே! தூ, என்ன மானம் இது! அந்த அற்ப மானத்துக்காகக் கேத்தரின் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் சைகையில் மாத்திரை கொடுத்தாள். மூன்றாம் நாள் ஜானகிக்குப் பால் கட்டிக்கொண்டது. பிழிந்தெடுத்த பாலை ஒரு தட்டில் வாங்கிக் கைகழுவும் தொட்டியில் ஊற்றியவளும் கேத்தரின்தான். தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியில் பாலின் வெளுப்பு போகும்வரை நின்றாள். நாலாம் நாள், கேட்க ஆளில்லாத உடல்களோடு அதையும் அடக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தமன் ஐந்தாம் நாள் வந்தான்.

இதைத்தான் பிறகு கேத்தரின் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினாள். தாய் ஒருத்தி, தமிழ் தெரியாத நர்ஸ் ஒருத்தி, நடுவில் மொழித் தடை. தடையாவது மண்ணாவது! வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த நர்ஸ் மேல் யாருமே கோபப்பட்டதில்லை. கோபப்பட வேண்டுமென்று கேத்தரின் எத்தனையோ தடவை காத்திருந்து பார்த்திருக்கிறாள்.

மறுநாள் ஞாயிறு, கார்மெண்ட்ஸுக்கு விடுமுறை. சர்ச்சுக்குப் போகாமல், தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ்ஸில் நினைத்தாள். இறங்கியபோது, போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தாள். தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டியிருந்த சந்தைத் தாண்டும்போது, திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தாள்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. குழந்தைகள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தார்கள், உத்தமன் வேலைக்கு. ஜானகி கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தாள். மூக்கு மட்டும் அதே மூக்கு, நுனி லேசாக மேல்நோக்கி.

"எங்க மேடம், பெரிய மேடம்" என்று அறிமுகப்படுத்தினாள் தர்ஷினி.

"ஐயோ, ஒக்காருங்க மேடம். இந்தப் பொண்ணு அன்னிக்கி எவ்ளோ பொறுமையா கேட்டுச்சி தெரியுமா? எங்க மேடம் அப்பிடி, எங்க மேடம் இப்பிடின்னு ஒரே பெருமை. இருங்க, டீ போடறேன்."

வெள்ளைத் தொப்பியும் கவுனுமாகப் பார்த்த முகத்தை இந்த நரையிலும் கண்ணாடியிலும் காட்டன் புடவையிலும் அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு வா என்று தர்ஷினியை அனுப்பிவிட்டுக் கேத்தரின் பாயில் உட்கார்ந்தாள். டீ வந்தது. ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள்.

"நீங்க சொன்னதப் படிச்சேம்மா" என்றாள் கேத்தரின். "மொதக் குழந்தையப் பத்தி."

"அதுவா மேடம்." ஜானகி எதிரில் உட்கார்ந்து முந்தானையை மடியில் இழுத்துக்கொண்டாள். "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. எங்க வூட்டுக்காரர்கூட அந்தப் பேச்சு எடுத்தா எழுந்து வெளிய போயிருவாரு. இந்தப் பொண்ணு கேட்டதும் கொட்டிட்டேன். போனது போச்சு, விடுங்க."

"அந்த நர்ஸ் மேல கோவமே வரலியா?"

"அவங்க என்னா பண்ணுவாங்க மேடம், பாவம்? பாஷ தெரியல. ஆனா கேளுங்க, அவங்க அழுதாங்க. அப்போ இந்த ஊருல எனக்கு ஒரு நாதி இல்ல. வெளிய நம்மாளுங்கள அடிக்கிறாங்கன்னு ஒரே பயம். அவங்க கண்ணுல தண்ணியப் பாத்ததும், சரி, நமக்குன்னும் ஒரு ஆளு இருக்குதுன்னு தோணிச்சி. இன்னிக்கும் மனசு பேஜாரானா அவங்களத்தான் நெனச்சுக்குவேன். ரெண்டாவது பொண்ணு பொறந்தப்போ அவங்க பேரு வெக்கலாம்னு பாத்தேன். பேரு தெரியல."

கேத்தரின் டம்ளரைக் கீழே வைத்தாள். இதை எப்படிப் பிடுங்குவது? இவளிடம் இருப்பதே அந்த அழுத நர்ஸ் ஒருத்திதான். வாயைத் திறந்தால் அந்த நர்ஸ் செத்தாள். திறக்காவிட்டால், குழந்தையின் முகம் கேத்தரினோடு மண்ணுக்குப் போகும். உலகத்தில் அந்த முகத்தை நின்று பார்த்தது ஒரே ஒரு ஜோடிக் கண்தான். எழுந்து, டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடலாம். பன்னிரண்டு வருஷம் சொல்லாமல் போனவளுக்கு இன்னொரு தடவை போக எவ்வளவு நேரம் ஆகும்?

"மொகம் மட்டும்தான் மேடம்" என்றாள் ஜானகி, டம்ளரின் விளிம்பைத் தடவிக்கொண்டே. "சாமி கும்புடறப்போ கண்ண மூடுனா, அவளுக்கு மட்டும் மொகம் வரமாட்டேங்குது."

"முடி நெறைய இருந்துச்சு" என்றாள் கேத்தரின்.

"யாருக்கு மேடம்?"

"கொழந்தைக்கு. கறுகறுன்னு, பிடரி வரைக்கும். நெத்தியில ஒட்டிகினு இருந்துச்சு, நான்தான் தொடச்சு ஒதுக்கிவுட்டேன். எடது காதுக்குக் கீழ ஒரு சின்ன மச்சம். மோவாயில குழி." நிறுத்தினால் மறுபடி பேச்சு வராது என்று பயந்து பேசிக்கொண்டே போனாள். "மூக்கு ஒன்னோட மூக்கும்மா. அப்பிடியே ஒன்னோடது."

ஜானகி அவளையே பார்த்தாள். கண்ணாடியைத் தாண்டி, நரையைத் தாண்டி, எதையோ தேடிப் பிடித்தாள். தகரக் கூரைமேல் ஒரு காக்கை நடந்து போகிற சத்தம் கேட்டது.

"நீங்களா?"

"நான்தான்."

"தமிழு..."

"தெரியும்மா. எங்க வீட்ல தமிழ்தான். அன்னிக்கும் தெரியும். நீ கேட்டது ஒவ்வொண்ணும் புரிஞ்சிது."

ஏன் என்று கேட்பாள் என்று கேத்தரின் காத்திருந்தாள். அந்த ஏனுக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பதில்கள் அவளிடம் இருந்தன. வாசலில் நின்ற இரண்டு பேர், கிளாரன்ஸின் கடை, சூப்பிரண்டு அம்மாளின் உத்தரவு. ஜானகி கேட்கவில்லை. கையை நீட்டி, கேத்தரின் முன்னாலிருந்த டீ டம்ளரை எடுத்தாள். பாதி டீ இருந்தது. அதைக் கொண்டுபோய் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். தோள் அசையவில்லை, அழுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த வீட்டிலிருந்து, "கையத் தளர்த்தியா வெச்சுக்கோங்கம்மா" என்று தர்ஷினி சொல்வது கேட்டது. போகச் சொல்கிறாளோ என்று கேத்தரின் புடவையைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தாள்.

"கண்ணு?" என்றாள் ஜானகி, திரும்பாமலே.

"மூடியிருந்துச்சும்மா."

"எவ்ளோ நீளம்?"

நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று அன்றைக்குப் பதிவேட்டில் எழுதியது கேத்தரினேதான், ஆனால் அந்த எண்ணை எப்படி இவளிடம் கொடுப்பது? மடியிலிருந்த இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினாள். ஒரு உள்ளங்கை தலைக்கு, ஒன்று பாதத்துக்கு. ஜானகி திரும்பினாள். மெல்ல வந்து, பாயின் ஓரத்தில் மண்டியிட்டு, அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு தடவை அவள் கை எழுந்து, பாதியில் நின்று, மடிக்கே திரும்பிப் போனது. கேத்தரினின் தோள்கள் வலிக்கத் தொடங்கின. ஜானகி இன்னும் பார்த்து முடிக்கவில்லை. கேத்தரின் கையை இறக்கவில்லை.